முதுகுக் கம்பி உடைந்திருக்கிறது, மறுபடி அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 49. பதினான்கு வயதில் ஸ்கோலியோசிஸ் எனும் முதுகுத்தண்டு வளைவுக்காக அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் கம்பி இருக்கும் நினைப்பே இல்லாமல் இருந்தேன். மூன்று வருடமாகக் கீழ்முதுகில் வலி. பத்து நிமிடம் நின்று பாத்திரம் துலக்கினால் உடம்பு தானாக முன்னால் சாய்கிறது. முழங்கையை மேடையில் ஊன்றிக்கொண்டுதான் மீதியை முடிக்கிறேன். நடந்தால் இடது கால் இழுக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்ததில் கம்பி ஓரிடத்தில் உடைந்திருப்பது தெரிந்தது. ஒரு டாக்டர், பழையதை எடுத்துவிட்டு இடுப்பெலும்பு வரை புதிதாகத் திருகுகளும் கம்பியும் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர், "இத்தனை வருஷம் ஓடிவிட்டது, கை வைக்காதீர்கள்" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று உடைந்த கம்பி. மற்றொன்று, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாமல் போனது. இரண்டு டாக்டர்களும் முதலாவதைப் பற்றித்தான் பேசியிருப்பதுபோலத் தெரிகிறது. என்னை அதிகம் யோசிக்க வைப்பது இரண்டாவது.

முதலில் கம்பியைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இந்த எஃகுக் கம்பி முறையை உருவாக்கி, 1962-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் உலகெங்கும் அதுதான் வழக்கம். உங்களுக்கும் அதையோ அதை ஒட்டிய ஒன்றையோ வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் கம்பியாக இருந்தாலும் அதன் வேலை தற்காலிகமானதுதான். முள்ளெலும்புகளுக்கு மேல் வைத்த எலும்புத் துண்டுகள் பிடித்து, எல்லாம் ஒரே எலும்பாகச் சேரும்வரை அது தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். நன்றாகச் சேர்ந்துவிட்ட எலும்புக்குள் கிடக்கும் கம்பிக்குப் பிறகு பெரிய வேலை இல்லை. அது உடைந்தாலும் உடம்புக்கு நஷ்டமில்லை.

எங்காவது ஓரிடத்தில் எலும்பு சேரவில்லை என்றால் கதை வேறு. அந்த இடத்தில் ஒவ்வொரு அசைவும் கம்பியின் மேல் விழும். ஒரே இடத்தில் வளைத்துக்கொண்டே இருக்கும் கட்டுக்கம்பி ஒருநாள் ஒடிந்துபோகிறதே, அதுபோல இதுவும் ஒடியும். ஆகவே "கம்பி உடைந்திருக்கிறது" என்பதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சை வேண்டும் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. உடைந்த இடத்தில் எலும்பு சேர்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதை மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் காட்டும். சாதாரண எக்ஸ்ரே இதில் ஏமாற்றிவிடும். பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய படத்திலேயே இந்த உடைப்பு இருந்தால், மூன்று வருட வலிக்கு அதைக் காரணம் சொல்வது கடினம். வலி எங்கே என்பதும் முக்கியம். உடைப்பு இருக்கும் இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறதா, அல்லது கம்பி முடியும் இடத்துக்குக் கீழேதான் வலியா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

இப்போது அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். நம் கீழ்முதுகு இயல்பாக உள்நோக்கிக் குழிந்திருக்கும். அந்தக் குழிவு இருப்பதால்தான் தலை நேராக இடுப்புக்கு மேல் நிற்கிறது. அந்தக் காலத்து நேர்க்கம்பி பக்கவாட்டு வளைவை இழுத்து நிமிர்த்தும்போது, கம்பி கீழ்முதுகு வரை போயிருந்தால் அந்தக் குழிவையும் சேர்த்துத் தட்டையாக்கிவிடும். இளம் வயதில் இது தெரியாது. கம்பிக்குக் கீழே மிச்சமிருக்கும் ஓரிரண்டு மூட்டுகள் கூடுதலாக வளைந்து சமாளித்துவிடும். நாற்பது, ஐம்பது வயதில் அந்த மூட்டுகளும் டிஸ்க்குகளும் தேய்ந்ததும் சமாளிக்க ஆளில்லை. உடம்பு முன்னால் சாய ஆரம்பிக்கிறது. சாய்வதைத் தடுக்க இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, முழங்காலைச் சற்று மடக்கி நிற்கப் பழகிக்கொள்கிறோம். தொடைத் தசைகள் நாள் முழுக்க இந்த வேலையைச் செய்து சோர்ந்துபோகின்றன. மேடையில் முழங்கையை ஊன்றத் தோன்றுவது இதனால்தான். உங்களுக்கே சந்தேகம் இருந்தால், முழங்காலை நன்றாக நிமிர்த்தி நின்று, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். காது, இடுப்புக்கு மேலே இருக்கிறதா, அதற்கு வெகுவாக முன்னால் போய்விட்டதா?

காலில் இழுப்பதும் உட்கார்ந்தால் விட்டுப்போவதும், அந்தத் தேய்ந்த மூட்டருகே நரம்பு போகும் வழி குறுகியிருக்கலாம் என்று சொல்கின்றன.

ஆகவே முடிவெடுக்கும் முன் தேவையான படங்கள் சரியாக எடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். பலர் படுத்த நிலையில் எடுத்த கீழ்முதுகுப் படத்தை மட்டும் கொண்டுவருவார்கள். இந்தக் கேள்விக்கு அது போதாது. கழுத்திலிருந்து இடுப்பு மூட்டு வரை ஒரே படத்தில், எதையும் பிடிக்காமல், விரல்களை காறையெலும்பின் மேல் வைத்து, நின்றபடி முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். கழுத்தின் அடி எலும்பிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு போட்டு, அது இடுப்பின் பின்னெலும்பின் மேல் மூலையிலிருந்து எவ்வளவு முன்னால் விழுகிறது என்று அளப்பார்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் சமநிலை போய்விட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ஆளுக்கு ஆள் மாறும் இடுப்பெலும்பின் அமைப்புக்கு ஏற்ற குழிவு உங்களுக்கு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இடுப்பெலும்பின் அமைப்பைக் காட்டும் கோணத்துக்கும் குழிவின் கோணத்துக்கும் நடுவே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

நரம்புக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். எஃகுக் கம்பி இருக்கும் இடம் மங்கலாக விழும், அதற்குக் கீழே பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். சந்தேகமான நரம்புக்கு அருகே மரப்பு மருந்து போட்டுப் பார்ப்பதும் உதவும். சில மணி நேரம் கால் வலி விலகினால் காரணம் அதுதான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இடுப்பு மூட்டையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். முதுகு வலி என்று வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இடுப்பு மூட்டுதான் கெட்டிருக்கும். கம்பியைச் சுற்றி அடங்கிக் கிடக்கும் தொற்று அபூர்வமாகப் பல வருடம் கழித்தும் தலைகாட்டுவதுண்டு. அதற்கு முதலில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற எளிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

இனி அறுவை சிகிச்சை. இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் இது முதல் அறுவை சிகிச்சையைப் போன்றதல்ல. பதினான்கு வயதில் உங்கள் முதுகு வளையக்கூடியதாக இருந்தது. இப்போது அது சேர்ந்து இறுகிய ஒரே எலும்பு. அதை நிமிர்த்த வேண்டுமென்றால் எலும்பை வெட்டித்தான் ஆக வேண்டும். பின்பக்க மூட்டுகளை மட்டும் வெட்டினால் ஓரிடத்தில் சுமார் 10 டிகிரி திருத்தம் கிடைக்கும். முள்ளெலும்பின் நடுவிலிருந்து ஆப்பு வடிவில் எலும்பை எடுத்து மூடினால் சுமார் 30 டிகிரி வரை கிடைக்கும், ஆனால் ரத்த இழப்பும் நரம்புக்கு ஆபத்தும் அதிகம். பழைய தழும்பு ஒட்டியிருப்பதால் தண்டுவட உறை கிழியும் வாய்ப்பும் முதல்முறையைவிடக் கூடுதல். பல மணி நேரம் நீளும் வேலை.

எண்களும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களின் முதுகுத்தண்டு வளைவுக்கான பெரிய அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதாவதொரு சிக்கல் வருகிறது. அவற்றில் பல சரிசெய்யக்கூடியவை, சில அப்படியல்ல. மிகச் சிக்கலான வளைவுகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 272 பேரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், வீட்டுக்குப் போகும் நாளில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கு காலின் பலம் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியது. புதிய கம்பியும் உடையலாம். கம்பி முடியும் மேல் முனையில் முதுகு கூனலாம். மூன்றாவது முறை மேசையேற வேண்டி வருபவர்களும் இருக்கிறார்கள்.

பெண்கள் கேட்கக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பு வரை திருகு போட்டபின் கீழ்முதுகை வளைக்கவே முடியாது. இடுப்பு மூட்டில் மட்டும்தான் குனிய முடியும். கால் நகம் வெட்டுவது, கீழே விழுந்ததை எடுப்பது, கழிப்பறையில் கழுவிக்கொள்வது எல்லாம் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். பெரும்பாலானோர் நீண்ட பிடியுள்ள கருவிகளோடும் சற்று வேறு கோணத்தில் கையைக் கொண்டுபோயும் சமாளித்துவிடுகிறார்கள். ஆனாலும் முன்கூட்டியே தெரியாமல் போய், வீடு திரும்பியபின் குளியலறையில் தெரிந்துகொள்வது மிகவும் வேதனை. உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் இது வேண்டாத சிகிச்சை என்று நான் நினைக்கவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்து, தரையைப் பார்த்தே நடந்தவர்கள் நிமிர்ந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சரியான காரணத்துக்காகச் செய்யும்போது இது வாழ்க்கையைத் திருப்பித் தருகிறது. வலி முழுக்கப் போய்விடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். காரணம் தெரியாத, முதுகு முழுக்கப் பரவிய வலிக்காகச் செய்துகொள்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து இது. சி.டி.யில் எலும்பு நன்றாகச் சேர்ந்து, நின்ற படத்தில் சமநிலையும் சரியாக இருந்தால், நான் இரண்டாவது டாக்டர் பக்கம். கம்பியை அப்படியே விட்டுவிட்டு காலுக்கு மட்டும் சிகிச்சை பார்க்கலாம். சமநிலை தெளிவாகப் போயிருந்து, நிற்கும் நேரம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தால், முதல் டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போது அறுபது வயது வரை தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. எலும்பும் இதயமும் நுரையீரலும் இன்றிருக்கும் பலத்தோடு அன்று இருக்காது.

எதுவானாலும் அவசரமில்லை. மூன்று முதல் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நாட்களை வீணாக்காதீர்கள். மாதவிடாய் நிற்கும் வயது என்பதால் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் கட்டாயம் எடுங்கள். எலும்பு வலுவில்லாமல் போட்ட திருகு பிடிக்காது. அடர்த்தி குறைவு என்றால் டெரிபாரடைட் போன்ற எலும்பு வளர்க்கும் ஊசிகளை முன்கூட்டியே தொடங்குவது உண்டு. வைட்டமின் டி, ரத்தசோகை, சர்க்கரை மூன்றையும் சரிசெய்யுங்கள். புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் நிறுத்த வேண்டும், நிகோடின் எலும்பைச் சேரவிடாது. ஃபிசியோதெரபியில் பிட்டத் தசைகளையும் தொடைத் தசைகளையும் பலப்படுத்துவதும், இடுப்பின் முன்பக்கத் தசையைத் தளர்த்துவதும்தான் உங்களுக்கு வேண்டியது. வளைந்த எலும்பை அது நிமிர்த்தாது, ஆனால் நிற்கும் நேரத்தைக் கூட்டலாம். முதுகில் நெட்டி முறித்து எலும்பைச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். இந்த மாதங்களில் வாரம் ஒருமுறை, எதையும் பிடிக்காமல் எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று குறித்து வையுங்கள். எந்த ஸ்கேனைவிடவும் அந்தக் குறிப்பு எங்களுக்கு உதவும்.

பரிசோதனைகளுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமல் கழிவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தரையில் உரசுவது, காய்ச்சலோடு முதுகு வலி கூடுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால், மறு அறுவை சிகிச்சைகளை வழக்கமாகச் செய்யும் குழுவிடம் போங்கள். எப்போதாவது ஒன்று செய்பவரிடம் வேண்டாம். அறுவை சிகிச்சை நடக்கும்போது நரம்பின் செயலைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா, தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மேலே எந்த எலும்பு வரை போவார்கள், செய்யாமல் விட்டால் அடுத்த ஐந்து வருடத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரை நான் நம்புவேன். பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு கிடைத்தால் அதையும் எடுத்துப்போங்கள், எந்தக் கம்பி என்று தெரிந்தால் அதைக் கழற்றும் கருவியை முன்கூட்டியே வரவழைக்கலாம். வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். முதல் மூன்று மாதம் அவர் இல்லாமல் முடியாது, அவருக்கும் கேள்விகள் இருக்கும்.