பாடத் தெரிந்தவரா, முகம் தெரிந்தவரா?

கேள்வி இதுதான்: "மேடையில் வருடக்கணக்காக ஓடிய இசை நாடகத்தைப் படமாக எடுக்கும்போது, அங்கே பாடி நடித்தவரை விட்டுவிட்டுப் பாடவே வராத நட்சத்திரத்தைப் போடுகிறார்களே, இது நியாயமா?"

நட்சத்திரத்தைப் போடுவதில் எனக்கு வருத்தமே கிடையாது. அவருக்கு வராத பாட்டை அவரையே பாடவைத்து, "சொந்தக் குரலாக்கும்" என்று பெருமை அடித்துக்கொள்வதுதான் எனக்கு ஆகாது. இந்த எண்ணம் படம் பார்த்து வந்ததில்லை, மயிலாப்பூர் சபா ஒன்றில் கரண்ட் போனபோது வந்தது.

இருபது வருடத்துக்கு முன்னால் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு அமெச்சூர் குழு வைத்திருந்தோம். நான் சவுண்ட் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை பாட்டு நிறைந்த புராண நாடகம் போட்டோம். ராஜா வேஷத்துக்கு வங்கி ஊழியர் ஒருவர்: ஆறடி உயரம், கிரீடம் வைத்தால் அப்படியே ராஜா. பாடச் சொன்னால் மட்டும் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். நன்றாகப் பாடும் நண்பன் ஒருவன் இருந்தான், அவனுக்கு மேடை ஏறினால் கை நடுங்கும். அவனை இடது பக்கத் திரை மறைவில் மைக்கோடு நிறுத்தினோம். இவர் நடுவில் வாயசைக்க, அவன் அங்கிருந்து பாட, முதல் மூன்று பாட்டு அமோகம். நாலாவது பாட்டில் கரண்ட் போயிற்று. ஸ்பீக்கர் செத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடிய நண்பனுக்கு அது தெரியவில்லை, விடாமல் பாடினான். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் ராஜாவும் விடாமல் வாயசைத்தார். சபையே இடது பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாமா சத்தமாக, "ஏம்ப்பா, பாடறவன் ஓரமா நிக்கறான் பாரு, அவனை நடுவுல வரச் சொல்லேன்!"

அன்றைக்குப் புரிந்தது, மேடையில் குரல் ஓர் உடம்பிலிருந்துதான் வர வேண்டும் என்று. காது இடத்தைக் கண்டுபிடித்துவிடும். சினிமாவில் அந்தச் சிக்கல் இல்லை. முகமும் குரலும் ஒரே திரையிலிருந்து வருகின்றன, யாருடைய தொண்டையாக இருந்தாலும். அதனால் படத்துக்கு ஆள் தேடும்போது முகத்தையும் குரலையும் தனித்தனியாகத் தேடலாம். நம் ஊரில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்?

நீங்கள் மனதில் வைத்துக் கேட்டது அநேகமாக 'மை ஃபேர் லேடி'யாக இருக்கும். 1956-ல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் கதாநாயகி எலைசாவாக நடித்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். வார்னர் பிரதர்ஸ் உரிமையை வாங்கக் கொடுத்தது 55 லட்சம் டாலர், அந்தக் காலத்தில் பெரிய தொகை. அவ்வளவு பணம் போட்ட ஜாக் வார்னர், அதுவரை ஒரு படத்தில்கூட நடிக்காத பெண்ணை நம்பத் தயாராக இல்லை, ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார். ஹெப்பர்ன் பாட்டுப் பயிற்சி எடுத்து, பாடிப் பதிவும் செய்தார். கடைசியில் பெரும்பாலான இடத்தில் அவர் குரலை எடுத்துவிட்டு மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரலை வைத்தார்கள். 1964-ல் வந்த படம் எட்டு ஆஸ்கர் வாங்கியது, மேடையிலிருந்து வந்த ரெக்ஸ் ஹாரிசனுக்குச் சிறந்த நடிகர் விருதும் அதில் ஒன்று. ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. அந்த வருடச் சிறந்த நடிகை யார் தெரியுமா? 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸ்! நம் ஊர் சீரியலில் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

எல்லோரும் இதை ஆண்ட்ரூஸுக்கு நடந்த அநியாயமாகச் சொல்வார்கள். எனக்கு என்னவோ ஹெப்பர்ன் மேல்தான் பாவமாக இருக்கிறது. "நீங்கள் நடியுங்கள், பாட்டுக்கு வேறு ஆள் இருக்கிறார்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த நடிப்பே வேறு மாதிரி வந்திருக்கும்.

அப்படிச் சொல்லிச் செய்த படமும் உண்டு. 'தி கிங் அண்ட் ஐ' (1956). டெபோரா கெர் நடிக்க, அதே நிக்சன்தான் பாடினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒத்திகை பார்த்தார்கள். பேச்சு முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது. ஐந்து வருடம் கழித்து 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நேர்மாறு. தன் குரல்தான் வரப்போகிறது என்று நம்பி நத்தாலி வுட் பாடி நடித்துவிட்டார். அப்புறம் அந்த வாயசைவுக்கு ஏற்ப நிக்சன் பாட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் இந்த மூன்று படத்தின் டைட்டிலிலும் நிக்சன் பெயர் கிடையாது. அவர் முகம் திரையில் தெரிந்தது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில், கன்னியாஸ்திரீகளில் ஒருவராக. கதாநாயகி ஜூலி ஆண்ட்ரூஸ். எலைசாவாக மேடையில் பாடியவரும் எலைசாவுக்காகத் திரையில் பாடியவரும் ஒரே படத்தில்.

நம் பக்கம் வருகிறேன். 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி. மெய்யப்பன் ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்குகிறது. அதற்கு முன்னால் பாடத் தெரியாதவனுக்குப் படத்தில் வேலை இல்லை. நாடகக் கம்பெனியிலிருந்து அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். 'பவளக்கொடி' நாடகத்தில் ஜோடியாக நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும்தான் 1934-ல் படத்திலும் ஜோடி. கேமராவுக்கு முன்னாலேயே பாட வேண்டும், ஆர்மோனியமும் தபலாவும் சட்டகத்துக்கு வெளியே பதுங்கி உட்கார்ந்திருக்கும்.

பின்னணிக் குரல் வந்த பிறகும் அது ஏனோதானோ வேலையாக இல்லை. 'தூக்குத் தூக்கி'யும் மேடையில் ஓடிய கதைதான். 1954-ல் படமானபோது சிவாஜிக்கு சி.எஸ். ஜெயராமன் குரல்தான் பொருந்தும் என்ற பேச்சு இருந்தது. டி.எம். சௌந்தரராஜன் பாடிக் காட்டிய பிறகு சம்மதித்தார்கள். அதற்கப்புறம் சிவாஜிக்குப் பாடும் டி.எம்.எஸ். வேறு, எம்.ஜி.ஆருக்குப் பாடும் டி.எம்.எஸ். வேறு என்று ஆனது ஊருக்கே தெரியும். ரேடியோவில் பாட்டுக்கு முன்னால் பாடியவர் பெயரைச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய், சிவாஜி பாடுவதாக நினைத்துக் கண்ணீர் விட எங்கள் அத்தைக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை.

இப்போது காலம் மாறி, "எல்லோரும் நேரடியாகப் பாடினார்கள்" என்பதே விளம்பரம். 2012-ல் வந்த 'லே மிஸரபிள்' படத்தில் நடிகர்கள் காதில் பியானோவைக் கேட்டபடி செட்டிலேயே பாடினார்கள், ஆர்கெஸ்ட்ராவைப் பிறகு சேர்த்தார்கள். ஆன் ஹாத்தவே அழுதுகொண்டே பாடும் இடத்தில் அந்த முறைக்கு முழுப் பலன் கிடைத்தது, ஆஸ்கரும் கிடைத்தது. ரஸ்ஸல் க்ரோ பாடும் இடமெல்லாம் எனக்கு எங்கள் வங்கி ராஜாதான் ஞாபகம். கம்பீரமான ஆள், பேசும்போது கிடுகிடுக்க வைக்கிறார். யாராவது பின்பாட்டு பாடியிருக்கக் கூடாதா? அந்தப் படத்தில் ஓரமாக ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1985-ல் லண்டன் மேடையில் கதாநாயகன் ஜான் வால்ஜானாகப் பாடிய கோம் வில்கின்சன், படத்தில் வால்ஜானுக்கு அடைக்கலம் கொடுக்கும் பிஷப்பாக வருகிறார்.

மேடையில் நடித்தவரையே போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 'டியர் இவான் ஹான்சன்' மேடையில் பென் பிளாட்டுக்கு டோனி விருது வாங்கித் தந்தது. 2021-ல் படம் வந்தபோது பள்ளிக்கூடப் பையனாக வந்தவருக்கு வயது 27-ஐத் தாண்டியிருந்தது. குரலில் ஒரு குறையும் இல்லை, குளோசப்பில் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. மேடையில் பதினைந்தாவது வரிசைக்கு வயது தெரியாது.

உடனே 'பக்த நந்தனார்' (1935) ஞாபகம் வரும். ஏறக்குறைய அதே வயதில் கே.பி. சுந்தரம்பாள், பெண்ணாக இருந்துகொண்டு ஆண் வேஷம் கட்டினார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்றால், ஆண் ஸ்திரீபார்ட் கட்டுவதையும் பெண் ராஜபார்ட் கட்டுவதையும் நாடகக் கொட்டகையில் பார்த்துப் பழகிய கண்கள் அவை. குரல் வந்தால் போதும், மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். பிளாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எங்கள் நாடகம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த காட்சிக்கு நண்பனைத் திரை மறைவிலிருந்து வெளியே கொண்டுவந்து, மேடை ஓரத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பாய் விரித்து உட்காரவைத்தோம். ராஜா வாயசைப்பதை நிறுத்திவிட்டு நடிக்க மட்டும் செய்தார். உட்கார்ந்ததால் நண்பனுக்குக் கை நடுங்கவில்லை. அதே மாமா அதே மூன்றாவது வரிசையில் இருந்தார், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.