ரெண்டு வருசம் பழைய மிளகாய் விதை முளைக்குமோ எண்டு பாத்தி போட முதல் எப்பிடிப் பாக்கிறது?

தயவுசெய்து அந்த விதையை எறிஞ்சு போடாதேங்கோ. ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்து வைச்ச விதையைத் தண்ணியில போட்டுப் பாத்தனீங்கள், முக்கால்வாசி மிதக்குது, எல்லாம் பழுதோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். மிளகாய் விதைக்கு உந்த மிதக்கிற சோதனை சரிவராது. அது தட்டையான, பாரமில்லாத விதை, தோலில கொஞ்சம் காத்து ஒட்டினாலே மேல வந்து நிக்கும். நெல்லில சப்பியைப் பிரிக்கிற பழக்கத்தை நாங்கள் எல்லா விதைக்கும் கொண்டுவந்திட்டம், அதுதான் பிரச்சினை. நானும் கனகாலம் மிதந்ததை எல்லாம் வேலிக்கரையில கொட்டினனான், பேந்து ஒரு வருசம் கொட்டப்போன விதையில 20 ஐ எடுத்து நனைச்ச லேஞ்சியில சுத்தி வைச்சுப் பாத்தன், 13 முளைச்சுது. அவ்வளவு நல்ல விதையை இத்தினை வருசமா எறிஞ்சிருக்கிறமே எண்டு அண்டைக்கு வயிறு எரிஞ்சுது.

அந்த நனைச்ச துணிதான் சோதனை, வேற பெரிசா ஒண்டுமில்லை. ஆனா சின்னச் சின்ன விசயத்தில பிழைச்சால் நல்ல விதையும் அழுகிப்போகும், அதால கொஞ்சம் விரிவா சொல்லுறன். விதையை நல்லதா பொறுக்கி எடுக்காதேங்கோ, போத்தலைக் குலுக்கிப்போட்டு வாறதை எண்ணி எடுங்கோ. ஆகக் குறைஞ்சது 50 விதை, 100 எண்டால் இன்னும் நல்லம். பத்துப் பத்தாப் போட்டால் ஒருக்கா 60 எண்டும் அடுத்தமுறை 80 எண்டும் காட்டும், நம்பேலாது, விதைச் சோதனைக்கூடங்களில 400 விதை வைச்சுத்தான் பாக்கிறவை. பருத்தித் துணி நல்லம், ரிஷ்யூ எண்டால் வேர் அதுக்குள்ள பூந்து பிய்க்கேக்க முறியும். துணியை நனைச்சு இறுக்கிப் பிழிஞ்சிட்டு, தண்ணி சொட்டக்கூடாது, விதைக்கும் காத்து வேணும், ஒண்டோடை ஒண்டு முட்டாமல் பரப்பி மடிச்சு ஒரு பொலித்தீன் பையில போட்டு வாயை முழுக்கக் கட்டாமல் வையுங்கோ. முட்டாமல் வைக்கச் சொல்லுறது ஏனெண்டால் ஒரு செத்த விதையில பூஞ்சணம் பிடிச்சால் பக்கத்தில இருக்கிறதுக்கும் தொத்தும்.

சூடு முக்கியம். 25 இல இருந்து 30 பாகைக்குள்ள இருந்தால்தான் மிளகாய் ஒழுங்கா முளைக்கும், எங்கட ஊரில அது சாதாரண வெக்கைதான், ஆனா மாரி மழை தொடங்கி ரெண்டு மூண்டு நாள் வெயிலே இல்லாட்டில் குசினியில அடுப்புக்குக் கிட்டவா, சூடு சுடாத இடமாப் பாத்து வையுங்கோ.

இனி எண்ணுறது. கனபேர் ஒரு கிழமை பாத்திட்டு விதை சரியில்லை எண்டு முடிவெடுக்கினம், அது அவசரம், மிளகாய்க்கு 14 நாள் குடுக்கவேணும். ஏழாம் நாள் ஒருக்கா எண்ணி எழுதுங்கோ, பதினாலாம் நாள் திருப்பி எண்ணுங்கோ. ரெண்டு கணக்கும் வேணும், ஏனெண்டால் 100 இல 75 ஏழாம் நாளே வேர் விட்ட விதையும், பதினாலாம் நாள்தான் தட்டுத்தடுமாறி 75 ஆன விதையும் ஒண்டில்லை. ரெண்டாவது விதை துணியில முளைக்கும், பாத்தியில மண்ணைத் தள்ளிக்கொண்டு வரப் பலம் காணாது, மழையில தண்டு அழுகி விழுறதும் அதுதான் முதல்ல. நான் அப்பிடி ஒரு விதையை நம்பிப் பாத்தி போட்டன், அரைவாசிதான் நிண்டுது, மிச்சத்துக்கு வெளியில நாத்துத் தேடித் திரிஞ்சு நடுகை மூண்டு கிழமை பிந்திப் போச்சு.

கணக்கு இப்பிடித்தான். ஒரு பரப்பு கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர், 60 க்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில நட்டால் 930 இடம் வரும், இடத்துக்கு ரெண்டு கண்டு எண்டால் 1,860. உங்கட விதை 70 வீதம் எண்டால் 2,660 விதையாவது போடவேணும், பாத்தியில சாகிறதுக்கு அதுக்கு மேல. 50 வீதத்துக்குக் கீழ, அதுவும் பிந்தி முளைக்கிற விதை எண்டால் நான் தோட்டத்துக்குப் போடமாட்டன், வீட்டு வளவில நாலு கண்டுக்கு வைச்சிருப்பன்.

எப்ப செய்யிறது எண்டால், நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கையோட, புரட்டாதிக்குள்ள. ஐப்பசி கார்த்திகையில பாத்தி போடுறவைக்கு அப்பதான் விதை சரியில்லாட்டில் வேற வாங்க நாள் இருக்கும். ஹைபிரிட் மரத்தில எடுத்த விதை எண்டால் முளைச்சாலும் தாய் மரம் மாதிரி வராது, எம்.ஐ. 2, கே.ஏ. 2 மாதிரி விதை எடுத்து வைக்கிற இனத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

மிச்ச விதையை நிழலில நல்லாக் காயவைச்சு, காத்துப் போகாத போத்தலில பிரிட்ஜில வையுங்கோ. எங்கட அப்பாச்சி சாம்பல் கலந்து வைச்சவ, அதுவும் ஈரத்தை எடுக்கிற வேலைதான். விதையில இருக்கிற ஈரம் ஒரு வீதம் குறைய, இல்லாட்டில் சூடு 5 பாகை குறைய, ஆயுள் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும் எண்டது விதைக்காரர் பொதுவாப் பாவிக்கிற கணக்கு. பிரிட்ஜால எடுத்த உடன போத்தலைத் திறக்காதேங்கோ, வெளிச்சூட்டுக்கு வரவிட்டுத் திறவுங்கோ, இல்லாட்டில் குளிர்ந்த விதையில நீர் படிஞ்சிடும்.

பதினாலாம் நாளும் முளைக்காமல் கிடக்கிற விதையை நகத்தால மெல்ல அமத்திப் பாருங்கோ. கொழகொழ எண்டு நசிஞ்சால் செத்தது. இறுக்கமா இருந்தால் இன்னும் ஒரு கிழமை வைச்சுப் பாருங்கோ, எனக்குப் பதினேழாம் நாளும் ரெண்டு மூண்டு வந்திருக்கு, ஆனா அதைப் பாத்திக் கணக்கில சேர்க்கேல்லை.