பாலியல் தொழிலை ஒரு தொழிலாகக் கருதலாமா? அதற்கு வருபவர்கள் விரும்பித்தான் வருகிறார்களா?

சென்னையில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் ஆலோசகராக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். தொழிலாகத்தான் கருத வேண்டும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது, இந்தத் தொழிலில் இருந்த வடசென்னை அக்கா ஒருவரின் கணக்கு டைரி.

பரிசோதனைக்கு வந்த அவர் ஒருநாள் அதை என் மேசையில் விரித்தார். மேலே வரவு 1,500 ரூபாய் என்று எழுதி, புரோக்கருக்கு 600, அறைக்கு 300, ஆட்டோவுக்கு 150 எனக் கழித்திருந்தார். மிஞ்சிய 450இல் 100 தண்டலுக்கு. அவர் வாங்கியிருந்த தண்டல் 10,000 ரூபாய். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "சாயந்திரமானா தண்டல்காரன் வாசல்ல வந்து நிப்பாம்மா. வீட்டு வேலைக்குப் போனா மாசம் பொறந்தாதான் சம்பளம். எனக்கு அன்னன்னிக்குக் காசு வேணும்" என்றார்.

விருப்பமா, கட்டாயமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆளைக் கடத்தி அடைத்துவைப்பதும், 18 வயது நிரம்பாதவரை ஈடுபடுத்துவதும் கொடுங்குற்றங்கள். அவற்றைத் தொழில் என்ற சொல்லுக்குள் கொண்டுவரவே கூடாது. ஆனால் நான் சந்தித்தவர்களில் பலர், கணவரின் கடனைத் தலையில் சுமந்துகொண்டும், கார்மென்ட்ஸ் கம்பெனி வேலையை விடாமலும், மாதத்தில் சில நாட்கள் மட்டும் வந்துபோனவர்கள். வீட்டில் கேட்டரிங் வேலை என்று சொல்லியிருப்பார்கள்.

விபசாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்லும் 1956ஆம் ஆண்டுச் சட்டம், வயதுவந்த பெண் தனியாகத் தன் இடத்தில் இதைச் செய்வதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அவரைச் சுற்றியுள்ள கிட்டத்தட்ட அனைத்தையும் குற்றமாக்குகிறது. இருவர் சேர்ந்து ஒரு வீட்டில் தொழில் செய்தால் அது விபசார விடுதி. கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் அதுவும் குற்றம். தெருவுக்குத் தெரு கோயில் இருக்கும் சென்னையில் அவர் எங்கே போவார்? தாயின் வருமானம் எப்படி வருகிறது என்று தெரிந்தே அதில் சாப்பிடும் 18 வயது கடந்த மகன்மீதுகூட வழக்குப் போட இடமிருக்கிறது. இத்தனை பயத்துக்கும் சேர்த்துத்தான் புரோக்கர் அந்த 600 ரூபாயை வாங்குகிறார் என்று நான் நினைக்கிறேன்.

'அழகிகள் மீட்பு' என்று செய்தித்தாளில் வருமே, அப்படி அந்த அக்காவும் ஒருமுறை மீட்கப்பட்டார். காப்பகத்தில் இருந்த நாட்களுக்கும் சேர்த்துத் தண்டல்காரர் பணம் கேட்டார். சொல்லப்போனால், இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் தெரியவந்ததே, சென்னையில் இப்படிக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த அந்த ஆய்வை மருத்துவ உலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதும்தான். இரத்தம் கொடுத்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை என்பது என் ஆற்றாமை.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களுக்கும் கண்ணியமாக வாழும் உரிமை உண்டு என்று கூறி, முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் போன்ற அமைப்பின் அதிகாரி தரும் சான்றைக் கொண்டு, தொழிலை வெளியிடாமல் ஆதார் வழங்க வழிசெய்தது. அக்காவுக்கு அதன் பிறகுதான் ஆதாரும் வங்கிக் கணக்கும் கிடைத்தன. வங்கிப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'சமையல் வேலை' என்று அவருக்காக எழுதிக் கொடுத்தவள் நான்தான்.