திம்பம் மலைப்பாதையில் தனி மிதிவண்டிப் பயணம்: சாலையோரம் கூடாரம் அடிக்கலாமா?

கேள்வி: சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறி, ஆசனூர் வரை மிதிவண்டியில் தனியாகச் செல்ல விரும்புகிறேன். காட்டுச்சாலையோரம் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் இறங்குவதாகத் திட்டம். இணையத்தில் அறிமுகமான ஒருவர், 3,500 ரூபாய் அனுப்பினால் வனத்துறை அனுமதிக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நண்பர்களோ, அது தேசிய நெடுஞ்சாலை என்பதால் அனுமதியே தேவையில்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற வனச்சரகர்

இருவர் சொல்வதும் தவறு. பணத்தை அனுப்பாதீர்கள், கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். பகலில் ஏறி, ஆசனூரில் கூரையுள்ள விடுதி ஒன்றில் முன்பதிவு செய்து தங்கி, மறுநாள் பகலில் இறங்குங்கள்.

நண்பர்களின் கருத்து எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆவது பிரிவு, அனுமதியின்றி யாரும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டு, பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவருக்கு விலக்கு அளிக்கிறது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். அங்கும் இதே விதிதான். ஆனால் விலக்கு ‘கடந்து செல்பவருக்கு’ மட்டுமே உரியது, நெடுஞ்சாலையில் இருப்பவர் எல்லோருக்கும் அல்ல. டியூப் பஞ்சராகி நீங்கள் நின்று ஒட்டினால், அது கடந்து செல்வதில் அடங்கும். முன்னால் யானை நிற்பதால் அரை மணி நேரம் காத்திருந்தாலும் அடங்கும். திம்பத்தில் தேநீர் குடிப்பதும் அடங்கும். சாலையோர மரத்தடியில் தரைவிரிப்பைப் போட்டு, கூடாரக் கம்பியைத் தரையில் ஊன்றிய கணத்தில் நீங்கள் கடந்து செல்பவர் அல்லர், தங்குபவர். தார் விளிம்பிலிருந்து எத்தனை அடிக்குள் தங்கலாம் என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இது அடிக்கணக்கில் அளக்கும் விஷயமே அல்ல. ஓர் அடி தள்ளி உறங்கினாலும் விலக்கு போய்விடும். பேருந்து ஓடுகிற சாலையெல்லாம் பொது நெடுஞ்சாலை என்றும் எண்ண வேண்டாம். தெங்குமரஹாடாவுக்குக் காட்டுக்குள்தான் பேருந்து போகிறது. அது அந்த ஊர் மக்களுக்காக ஓடுவது, வெளியூர்க்காரர் அங்கே செல்ல வனத்துறையின் அனுமதி பெற்றாக வேண்டும்.

விதியை மீறினால் மூன்றாண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி என்றால் குறைந்தபட்சத் தண்டனையே மூன்றாண்டு. மிதிவண்டியும் பொருட்களும் பறிமுதல் ஆகலாம்.

இனி அந்த 3,500 ரூபாய்க்கு வருகிறேன். சரணாலயத்துக்குள் நுழையும் அனுமதியைத் தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்த அலுவலர்களுக்குமே உண்டு. இடைத்தரகர் என்று ஒருவர் அந்த நடைமுறையில் எங்கும் இல்லை. பணியில் இருந்தபோது, சோதனைச்சாவடியில் ஓர் இளைஞர் மிகுந்த நம்பிக்கையோடு கைப்பேசியில் ஒரு கடிதத்தைக் காட்டினார். மேலே புலிச் சின்னம், கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. அந்த முத்திரையில் ‘வனத்துரை’ என்று எழுதியிருந்தது. கடித எண் இல்லை, கட்டணம் செலுத்திய ரசீது இல்லை. பணம் வாங்கியவரின் எண்ணுக்கு அவர் என் எதிரிலேயே பலமுறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அழுகிற நிலையில் திரும்பிப் போனார். அவரைத் திருப்பி அனுப்பியது என் கடமை. ஆனால் முறையாக எங்கே, யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதிய ஒரு பலகைகூட அந்தச் சாவடியில் இல்லை, அபராதத் தொகைகள் மட்டுமே இருந்தன. மேலதிகாரிகளுக்கு இதை மூன்று முறை எழுதியும் பதில் வரவில்லை. மலையேற்றம் செல்வோருக்காக 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் அரசு இணையவழிப் பதிவைத் தொடங்கியது. அதே தெளிவை மிதிவண்டியில் வருபவருக்கும் ஏன் தரக்கூடாது? நாம் விட்டுவைக்கும் இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

‘எங்கள் தோட்டத்தில் டென்ட் போட்டுத் தருகிறோம்’ என்று அழைப்பவர்களிடமும் இதே எச்சரிக்கை தேவை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, தனியார் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. கூடாரங்களுக்கு உரிமம் இல்லை என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. யானைக்குக் கூடாரத் துணி ஒரு தடையே அல்ல. பட்டா நிலம், உரிமையாளரே அழைக்கிறார் என்பதெல்லாம் சட்டச் சிக்கலைத் தீர்க்கலாமே தவிர, இரவில் பயிர் மேய வரும் யானையையும், அதைத் தடுக்கக் கள்ளத்தனமாகப் போடப்படும் மின்வேலியையும் தீர்க்காது.

உங்கள் நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் பண்ணாரிக்கும் கர்நாடக எல்லையை ஒட்டிய காராப்பள்ளத்துக்கும் இடையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. விடிந்தபின் சத்தியமங்கலத்தில் புறப்பட்டு, பண்ணாரிச் சாவடியில் நீங்களே நின்று, தனியாக ஏறுவதையும் எங்கே தங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அன்று யானை நடமாட்டம் அதிகம் என்று அவர்கள் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். சுமையோடு 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏற அரை நாள் பிடிக்கலாம். பிற்பகல் நான்கு மணிக்குமேல் காட்டுக்குள் மிதிக்க வேண்டாம்.

மிதிவண்டி ஓசையின்றி வருவது காட்டில் நன்மை அல்ல. வளைவு திரும்பியதும் யானைக்கு மிக அருகில் போய் நிற்பீர்கள். அதுவும் திடுக்கிடும், நீங்களும் திடுக்கிடுவீர்கள். ஆகவே வளைவுகளில் மெதுவாகச் செல்லுங்கள். யானையைத் தொலைவில் கண்டால் மணி அடிக்காமல் பின்வாங்கி, பேருந்தோ காரோ வரும்வரை காத்திருங்கள். ஆனால் கரும்பு லாரியின் பின்னால் மட்டும் போகாதீர்கள். ஓட்டுநர்கள் வீசிய கரும்பைத் தின்று பழகிய யானைகள், காராப்பள்ளம் பக்கம் அந்த லாரிகளுக்காகவே சாலையில் காத்து நிற்கின்றன. பையில் வாழைப்பழமும் வேண்டாம்.

இறங்கும்போது, உங்கள் மிதிவண்டியில் இருப்பது சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை, இருபுறமும் பார்வை மறையாத இடத்தில் நின்று, சக்கரம் ஆறும்வரை காத்திருங்கள். அப்படி நிற்பதும் கடந்து செல்வதில் அடங்கும். அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.