வயர்லெஸ் மவுஸ் திக்குகிறதா? வைஃபை மேல் பழி போடுமுன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வீட்டில் வைஃபை ஆன் பண்ணினாலே மவுஸ் இழுக்குது. உண்மையிலேயே வைஃபைதான் காரணமா?

இருக்கலாம், ஆனால் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள். விண்டோஸில் உள்ள பெயின்ட் செயலியைத் திறந்து மவுஸால் வேகமாக வட்டங்கள் போடுங்கள். சிக்னல் ஒழுங்காக வந்தால் கோடு வளைந்து வரும். மவுஸ் அனுப்பும் தகவல் துண்டுகள் (பாக்கெட்) தொலைந்தால் வட்டம், கத்தியால் சீவிய மாதிரி நேர்த்துண்டுகளாக வரும். ஒரு பெரிய ஃபைலை டவுன்லோடு போட்டபடி ஒருமுறை, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை, ரவுட்டரையே அணைத்துவிட்டு ஒருமுறை வரையுங்கள். லேப்டாப் வைஃபையை அணைத்ததுமே சரியானால் தொல்லை லேப்டாப்பின் வைஃபை போக்குவரத்திலிருந்து. ரவுட்டரை அணைத்த பிறகுதான் சரியானால் ரவுட்டர். மூன்றிலும் வெட்டுப்பட்டால் வேறு இடத்தில் தேடுங்கள்.

கேள்வி: இரண்டும் ஒரே அலைவரிசையா?

ஆமாம். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில்தான் டாங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு ரிசீவர்) மவுஸ், புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மூன்றும் ஓடுகின்றன. மவுஸுக்கு ஓரிரு மெகாஹெர்ட்ஸ் இடம் போதும். வைஃபையின் ஒரு சேனல் 20 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். பலமும் சமமில்லை: ரவுட்டர் 100 மில்லிவாட் அளவில் கத்தும்போது மவுஸ் 1 மில்லிவாட் அளவில் முணுமுணுக்கிறது. சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை, தகவல் அனுப்பும். ஒன்று தொலைந்தால் தெரியாது. தொடர்ந்து ஆறு தொலைந்தால் கர்சர் ஏறக்குறைய 50 மில்லிநொடி நின்று, பிறகு தாவும்.

கேள்வி: ரவுட்டரை அணைத்தும் அப்படியேதான் இருக்கு சார். டாங்கிள் பக்கத்தில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருக்கு.

திருடன் அங்கேயே இருக்கிறான்! யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் போகும்போது வரும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. வயர்லெஸ் மவுஸ் இதனால் தடுமாறுவதை இன்டெல் 2012-லேயே அறிக்கையாக வெளியிட்டது. போர்ட்டும் டிஸ்க்கின் கேபிளும் இரண்டுமே கசியும்.

ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மவுஸ் பேடுக்கு 20–30 செ.மீ. பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். டிஸ்க்கை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் கேபினெட்டின் பின்பக்கம் டாங்கிளைச் செருகியிருப்பவர்களுக்கும் இதே மருந்துதான், இரும்புப் பெட்டி சிக்னலை மறைக்கும். 

கேள்வி: ரவுட்டரில் என்ன மாற்றணும்?

முதலில் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் இருந்தால் லேப்டாப் உங்களுக்குத் தெரியாமலே 2.4-க்குப் போய்விடலாம், எனவே தனித்தனிப் பெயர் வையுங்கள். சுவர் தாண்டி 5 எட்டவில்லை என்றால், 2.4-இன் சேனல் விட்த்தை (அகலத்தை) 'ஆட்டோ'விலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 40-இல் இருந்தால் பட்டையில் பாதியை ரவுட்டரே விழுங்கிவிடும். சேனல் 1, 6, 11-இல் ஒன்றைப் போடுங்கள். 3, 4 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கமும் உரசும்.

கேள்வி: என்னுடையது புளூடூத் மவுஸ், டாங்கிளே கிடையாது.

பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டு. பல மாடல்களில் ஆன்டெனாவும் பொது. 2.4-இல் டவுன்லோடு ஓடும்போது இரண்டும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். புளூடூத் நெரிசலான சேனலை விட்டுவிட்டுத் தாவும்தான், ஆனால் ஆன்டெனா ஒன்று என்றால் தாவுவது மட்டும் போதாது. 5-க்கு மாறுவதுதான் வழி.

கேள்வி: கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுத் தொட்டால் மட்டும் முதல் நொடி அசையலை.

அது குறுக்கீடு இல்லை, தூக்கம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கும் டிக்கை எடுத்துப் பாருங்கள். மாறவில்லை என்றால் மவுஸே பேட்டரி மிச்சம் பிடிக்கிறது, அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: கண்ணாடி மேஜையில் கர்சர் துள்ளுது...

சென்சாருக்குக் கண்ணாடி பிடிக்கவில்லை. அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்.