தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும் பணியாளர்களையும் பெற்றோர் எப்படி ஊக்கப்படுத்தலாம்?

முதல் வேலையாக, சால்வையை விட்டுவிடுங்கள். எங்கள் பள்ளி பீரோவில் மடிப்புக் கலையாத சால்வைகளே ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

ஏற்காடு மலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அதன்படி எங்களுக்கும் ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்தையும் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியில் வருகையும் பதிய வேண்டும். அதற்கு சிக்னல் தேடி வாசற்படிக்கு வர வேண்டும் என்பது தனிக்கதை.

இவர்களிடம் போய் "உங்கள் சேவை மகத்தானது" என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தார் என்று சொல்லுங்கள். என் மகளுக்குக் கழித்தலில் கடன் வாங்குவது பிடிபடவே இல்லை. டீச்சர் மிளகைப் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டி, போதாதபோது ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் அடுப்படியில் மிளகு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு எனக்குப் பாடம் நடந்தது. மறுநாள் டீச்சரிடம் அதைச் சொன்னேன். "அட, வீட்ல போயும் பண்ணாளா? அப்ப ரெண்டாவதுக்கும் இதையே வெச்சுக்கறேங்க" என்றார். எந்த மேடைப் பேச்சுக்கும் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது, எழுதிக் கொடுப்பது. வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பெற்றோர் எழுதுவதென்றால் அது புகாராகத்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது. நடந்ததைப் பெயரோடு ஒரு பக்கத்துக்குள் எழுதி, நாலைந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கிராமசபையிலும் நன்றித் தீர்மானம் கொண்டுவரலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று எப்படியும் சபை கூடுகிறது. தண்ணீர், தெருவிளக்குப் பேச்சு சூடு பிடிப்பதற்கு முன்பே எழுந்து சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பாராட்டு என்றால் ஆசிரியர்களோடு நின்றுவிடுகிறோம். அங்கேதான் எனக்கு வருத்தம். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு உண்டு. சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர், பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளையின் அம்மா. மார்கழிப் பனியில் எதிரில் வருகிற ஆள் தெரியாத நேரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். மதியத்துக்குச் சத்துணவு சமையலர். கழிப்பறைக்குத் தூய்மைப் பணியாளர். ஆசிரியர் தினத்தன்று படம் எடுத்தபோது சமையலக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி கதவோரம் நின்றார். எங்கள் தலைமையாசிரியர் தம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க வந்து உக்காரும்மா" என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் படமே ஆடிப்போய்விட்டது.

பாரத்தில் கொஞ்சம் நாம் வாங்கிக்கொண்டாலும் பெரிய உதவிதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறார் டீச்சர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். மழை நாளில் பஸ் தாமதமானால் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதைப் புத்தகம் வாசிக்க நாங்கள் முறை போட்டிருக்கிறோம். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் தள்ளிப்போனால், அவரைக் கேட்க விடாமல் பள்ளி மேலாண்மைக் குழுவே கேட்கிறது.

பரிசா? சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டீச்சருக்கு வெள்ளி விளக்கு வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பரிசுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. டீச்சரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். ஏதாவது கொடுத்தால்தான் மனசு ஆறும் என்றால், சேலம் போய் வரும்போது தட்டுவடை செட் வாங்கி வாருங்கள், சமையலக்காவையும் கணக்கில் சேர்த்து. சட்னியை மட்டும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், மலை ஏறுவதற்குள் தட்டுவடை நமத்துவிடும்.