ஜெனரேற்றர்: பெட்டியில் எழுதியிருப்பதும் எழுதாமல் விட்டிருப்பதும்

கேள்வி: புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒரு குளிர்சாதனப் பெட்டியும் ஒரு டீப் பிறீசரும் உள்ளன. கிணற்றில் ஒரு குதிரைவலு நீரிறைக்கும் மோட்டர் இருக்கிறது. மாரிக்கு முன் ஜெனரேற்றர் வாங்க வேண்டும். ஒரு கடைக்காரர் 2.8 கிலோவாட் என்று பெட்டியில் எழுதிய பெற்றோல் ஜெனரேற்றரைக் காட்டி, எல்லாவற்றையும் இழுக்கும் என்கிறார். இன்னொருவர் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஜெனரேற்றரைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: எல்லாவற்றையும் இழுக்காது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சிறிது நேரம் மட்டும் தாங்கும் உச்ச வலு. தொடர்ந்து தரக்கூடிய வலு, இயந்திரத்தில் ஒட்டிய தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும், அது குறைவாகவே இருக்கும். தகட்டில் கிலோவாட் இல்லாமல் கே.வி.ஏ. என்று மட்டும் இருந்தால் அதை 0.8 ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.5 கே.வி.ஏ. என்பது ஏறத்தாழ 2 கிலோவாட்தான். சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய, பெற்றோலுடன் ஒயில் கலந்து ஊற்றும் ஜெனரேற்றர்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 950 என்று பெயரில் இருக்கும், தொடர்ந்து தருவதோ 650 வாட் அளவில்தான்.

அடுத்ததாக, மோட்டர் உள்ள எந்தச் சாதனமும் ஓடும்போது எடுப்பதைவிடப் புறப்படும்போது பல மடங்கு மின்சாரம் எடுக்கும். உங்கள் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். குளிர்சாதனப் பெட்டி 150 வாட், பிறீசர் 200 வாட், மின்குமிழ்களும் மின்விசிறியும் 100 வாட் என்று வைத்தால், ஓடும் சுமை 450 வாட். ஒரு கம்பிறசர் புறப்படும் கணத்தைச் சேர்த்தாலும் 1,500 வாட்டுக்குள் அடங்கும். ஒரு குதிரைவலு மோட்டரோ ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட்டும், புறப்படும்போது அதைப்போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் கேட்கும். ஆகவே மோட்டரைச் சேர்த்தால் 5 கே.வி.ஏ. வேண்டும், சேர்க்காவிட்டால் தொடர்ந்து 2 கிலோவாட் தருவது போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், அந்த மோட்டருக்காகப் பெரிய இயந்திரம் வாங்கி ஆண்டு முழுவதும் அதற்குப் பெற்றோல் ஊற்ற மாட்டேன். மின்சாரம் இருக்கும்போது நிரப்பிக்கொள்ள ஒரு தாங்கி வைப்பேன். இயந்திரத்தைக் கிளப்பிச் சிறிது ஓடவிட்டு, பிறீசரை முதலிலும் குளிர்சாதனப் பெட்டியை ஐந்து நிமிடம் கழித்தும் போடுங்கள்; இரண்டும் ஒன்றாகப் புறப்பட வேண்டியதில்லை.

எரிபொருளையும் கணக்கில் எடுங்கள். சிறிய பெற்றோல் ஜெனரேற்றர் ஓர் அலகு மின்சாரம் தர அரை லீற்றர் அளவில் குடிக்கும், பாதிச் சுமையில் அதைவிடக் கூடுதலாகவும் குடிக்கும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நிறைந்த பிறீசர், கதவைத் திறக்காமல் விட்டால், இரண்டு நாள்வரை உறைநிலையில் நிற்கும். குளிர்சாதனப் பெட்டி நான்கு மணிநேரம் தாங்கும். எனவே இரவு முழுவதும் ஓடவிடாமல், இடைவெளி விட்டு ஓரிரு மணிநேரம் ஓட்டினாலே பெரும்பாலும் போதுமானது.

ஜப்பான் இயந்திரத்தைப் பொறுத்தவரை, அந்நாட்டின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 வோல்ட். எஞ்சின் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், இடையில் தகுந்த வலுவுள்ள மின்மாற்றி ஒன்று வைக்காமல் உங்கள் பிறீசர் அதில் வேலை செய்யாது. மின்மாற்றியின் விலையையும் சேர்த்துப் பார்த்த பிறகு அது பாதி விலையா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கிளிநொச்சி கனகபுரத்தில் வசிக்கிறேன். இரு முனையிலும் பிளக் பொருத்திய வயர் ஒன்றைத் தந்து, ஜெனரேற்றரிலிருந்து வீட்டுச் சுவரின் பிளக் பொயின்றில் செருகினால் வீடு முழுவதும் வெளிச்சம் வரும் என்கிறார் மெக்கானிக். மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டால் ஆபத்தில்லையாம். சிறிய இயந்திரம் என்பதால் மின்கம்பிக்குப் போனாலும் நின்றுவிடுமாம். உண்மையா?

பதில்: அந்த வயரை இன்றே வெட்டி எறியுங்கள். ஒரு முனை இயந்திரத்தில் இருக்கையில் மறுமுனை கழன்று விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை முனைகளில் 230 வோல்ட் இருக்கும். எடுத்து வைக்கப் பிள்ளைகள்தான் முதலில் ஓடி வருவார்கள்.

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்தானது. மின்கம்பி முழுமையாக இருக்கும் நாளில், அயலில் உள்ள வீடுகளின் சுமை அத்தனையும் ஏறி உங்கள் இயந்திரம் திணறி நிற்கக்கூடும். ஆனால் நமக்கு ஜெனரேற்றர் தேவைப்படுவது அப்படிப்பட்ட நாளிலா? 2018 டிசம்பர் வெள்ளத்தைப் போல, 2020 டிசம்பரில் வந்த புரெவிப் புயலைப் போல, மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்கும் நாளில்தான். அப்போது உங்கள் வீட்டோடு சில மீற்றர் கம்பி மட்டும் தனித்திருந்தால், இயந்திரம் நிற்காது. அந்தத் துண்டு மின்மாற்றியுடன் தொடுத்திருந்தால், 33,000 வோல்ட்டை 400 ஆகக் குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, எதிர்ப்புறமாக ஊட்டினால் குறைந்ததைக் கூட்டி அனுப்பும். கம்பத்தில் ஏறியிருக்கும் மின்சார சபை ஊழியர், கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைப்பார்.

மெயின் சுவிச்சை நிறுத்துவது நினைவை நம்பியிருக்கும் பழக்கம் மட்டுமே. இருட்டில், அவசரத்தில், வீட்டில் வேறொருவர் இயந்திரத்தைக் கிளப்பும்போது அது தவறும். மறந்த வேளையில் மின்சாரம் திரும்பி வந்தால் இயந்திரத்தின் சுருளே எரியும். சேஞ்ச் ஓவர் சுவிச் இந்த நினைவை இரும்பினால் செய்து வைத்தது போன்றது: ஒரு பக்கம் மின்சார சபை, நடுவில் வெறுமை, மறுபக்கம் ஜெனரேற்றர், இரண்டும் ஒருங்கே இணைய அதில் வழியே கிடையாது. நியூற்றல் கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் இருமுனை வகையைக் கேட்டு வாங்கி, தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரைக் கொண்டு பொருத்துங்கள். வீட்டு ட்ரிப் சுவிச் ஜெனரேற்றரில் ஓடும்போதும் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். பல சிறிய இயந்திரங்களில் நியூற்றல் நிலத்துடன் தொடுக்கப்படாததால் அது விழாமலே போகலாம். அதையும் அவரிடமே சோதித்துத் தரச் சொல்லுங்கள். அதுவரை, தடித்த நீட்டிப்பு வயரில் தேவையான சாதனங்களை நேராக இணைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: முத்தையன்கட்டில் தோட்டம் செய்கிறோம். மழைக்கும் கள்வருக்கும் பயந்து ஜெனரேற்றரைக் குசினிக்குள் வைத்து ஓட்டுகிறோம். யன்னல் திறந்தே இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பற்ற வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். தலையிடியும் குமட்டலும் வரும். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது. விறாந்தையும் கூடாது. வீட்டிலிருந்து ஆறு மீற்றருக்குக் குறையாமல், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க, சீமெந்துக் கல்லின் மேல் வைத்து, நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டில் ஒன்றை மேலே போடுங்கள். கள்வருக்குச் சங்கிலியும் பூட்டும் போதும். பெற்றோல் ஊற்றுவதாயின் இயந்திரத்தை நிறுத்திச் சூடு ஆறிய பின்பே ஊற்றுங்கள். சோளகத்தில் தூசி அதிகம், ஆகவே கையேட்டில் 50 மணிநேரத்துக்கு ஒருமுறை என்றிருந்தாலும் காற்று வடிகட்டியை அதற்கு முன்பே கழற்றித் துப்புரவாக்குங்கள்.

கேள்வி: மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். ஆடியில் புதிதாக வாங்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைத்த ஜெனரேற்றர் மார்கழியில் கிளம்பவில்லை. உத்தரவாதத்தில் அடங்காது என்கிறது கடை. முறையிடலாமா?

பதில்: முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். பல இயந்திரங்களில் ஒயில் குறைந்தாலோ, சரிவான நிலத்தில் வைத்தாலோ, பாதுகாப்புக்காகத் தீப்பொறியே வராது. அது சரியென்றால், ஐந்து மாதம் காபரேற்றரில் நின்ற பெற்றோல் பிசினாகி நுண்துளையை அடைத்திருக்கும். துப்புரவாக்கிப் புதுப் பெற்றோல் ஊற்றினால் பெரும்பாலும் கிளம்பும். இது செய்பிழை அன்று, கடைக்காரர் சொல்வது நியாயமே. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கைவைத்தியத்தை இந்த இயந்திரத்தில் முயல வேண்டாம். அப்போது உத்தரவாதமும் உண்மையாகவே போய்விடும். இனி நீண்ட நாள் வைப்பதானால் எரிபொருள் ஆளியை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அல்லது மாதம் ஒருமுறை பத்து நிமிடம் சுமையேற்றி ஓட்டுங்கள். புது எஞ்சினின் முதல் ஒயிலை 20 மணிநேரத்தில் மாற்ற வேண்டும், பிறகு 100 மணிநேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

சுருள் எரிந்தது போன்ற பிழையாயின் கதை வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். உங்களுக்கு அந்த மூன்று மாதமும் கடந்துவிட்டதால், பற்றுச்சீட்டையும் இயந்திரத்தின் தொடரிலக்கம் எழுதிய உத்தரவாத அட்டையையும் கொண்டு கடையிடம் பேசுவதே இனி எளிய வழி. இனி வாங்குபவர்கள் முதல் வாரத்திலேயே பிறீசரையும் விளக்குகளையும் மாட்டி இரண்டு மணிநேரம் ஓட்டிப் பார்க்கட்டும்.